செயற்குழு என்றால் யார்? ஆசியக் கால்பந்தை ஓர் ஊர்க்கமிட்டியாகப் பார்த்தால்

2024 ஜனவரி 13, சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கத்தாரில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆசியக் கோப்பை ஆட்டம். எங்கள் ஊர் கிளப்பில் இருக்கும் ஒரே டிவிக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்போம். பாதிப் பேர் தரையில், மீதிப் பேர் வாசலில் செருப்புகளுக்கு மேல். ஊர் எது என்றால், நீரோடிக்கும் இரையுமன்துறைக்கும் நடுவே கடலோரமாக வரிசையாக நிற்கும் எட்டு ஊர்களில் ஒன்று. நீரோடியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பொழியூர். அது கேரளம். மணலில் கோடு ஒன்றும் கிடையாது. பந்து அந்தப் பக்கம் உருண்டாலும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

முதல் பாதியில் கோல் விழவில்லை. இடைவேளையில் பக்கத்து வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “மாமா, இது 2023 கப்புன்னுதானே போட்டிருக்கு? இப்ப 24 ஆயாச்சே. சீனாவுலல்லா நடக்கும்னு சொன்னாவ? அது கிடக்கட்டு, ஆஸ்திரேலியா எப்பிடி ஆசியாவுக்குள்ள வந்தான்?”

மூன்று கேள்வி. “ஆட்டம் முடியட்டு மக்ளே” என்று தப்பித்தேன். ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்ஜியம் என்று முடிந்தது. அதன்பிறகு யாருக்கும் விளக்கம் கேட்கும் மனசு இல்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று கேள்விக்கும் பதில் தேடிப் போனால் ஒரே கதவுக்கு முன்னால்தான் போய் நிற்போம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) செயற்குழு கூடும் அறைக் கதவு அது.

செயற்குழு, பொதுக்குழு என்ற சொற்கள் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கட்சிச் செய்திகள் அவற்றை நமக்குப் பாடமாகவே நடத்திவிட்டன. ஆனால் எனக்கு இதைப் புரியவைத்தது எங்கள் ஊர்க்கமிட்டிதான். எங்கள் பக்கம் பங்கு என்றால் கோயிலும் ஊரும் சேர்ந்தது. இருபது, முப்பது வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் ஆள் தேர்ந்து கமிட்டிக்குப் போவார்கள். பங்குத்தந்தை தலைவர். செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை எல்லாரும் கூடும் ஊர்க்கூட்டம். கணக்கை ஒப்புக்கொள்வதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஊர்க்கூட்டத்தின் வேலை. அந்தக் கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே ஊரை நடத்துவது கமிட்டி. திருவிழாவுக்கு எந்த பேண்ட் செட், பந்து டூர்னமெண்ட் எந்தத் தேதியில், வெளியூர் டீம் எத்தனை என்பதெல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்ளும்.

ஆசியக் கூட்டமைப்பும் அப்படியேதான். ஊர்க்கூட்டத்துக்கு அங்கே பேரவை என்று பெயர். உறுப்பு நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் எல்லாம் கூடும் இடம் அது. ஊர்க்கமிட்டிதான் செயற்குழு. அன்பியம்போல ஐந்து மண்டலங்கள். செயலாளருக்குப் பதில் கோலாலம்பூர் தலைமையகத்தில் ஒரு பொதுச் செயலாளர். டூர்னமெண்ட் கமிட்டி, உணவுக் கமிட்டி என்று நாம் பிரிப்பதுபோல அங்கே போட்டிக் குழு, நிதிக் குழு, நடுவர் குழு, மகளிர் கால்பந்துக் குழு, மருத்துவக் குழு என்று ஒரு பட்டாளம்.

கூட்டமைப்பு பிறந்தது 1954 மே 8, மணிலாவில். தொடங்கியது 12 சங்கங்கள், இந்தியாவும் அதில் ஒன்று. இன்று 47. மேற்கில் 12, ஆசியான் எனும் தென்கிழக்குப் பகுதியில் 12, கிழக்கில் 10, தெற்கில் 7, நடு ஆசியாவில் 6. தெற்கின் ஏழு: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூடான், மாலத்தீவு. இந்த எண்களைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓட்டு என்று வரும்போது இதுதான் விளையாடும்.

பையனின் மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஆஸ்திரேலியா பசிபிக் தீவு நாடுகளின் ஓசியானியாக் கூட்டமைப்பில் இருந்த நாடு. அங்கே அவர்களுக்குச் சரியான எதிரி இல்லை. உலகக் கோப்பைக்கு நேரடி இடமும் இல்லை. ஆசியச் செயற்குழு சம்மதித்து, உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவும் தலையாட்ட, 2006 ஜனவரி 1 முதல் ஆசியாவுக்குள் வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாகக் கஜகஸ்தான் 2002-ல் ஆசியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போனது. இஸ்ரேல் 1974-ல் ஆசியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1990-களில் ஐரோப்பியக் கூட்டமைப்பில் முழு உறுப்பினரானது. பூகோளப் புத்தகம் ஒன்று சொல்லும், கால்பந்து வரைபடம் இன்னொன்று சொல்லும். எங்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர்கள் இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். பங்கு இருப்பதோ திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தில். ரேஷன் கார்டு ஒரு பக்கம், ஞானஸ்நானச் சான்றிதழ் இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியா ஆசியாவில் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று?

சரி, செயற்குழுவில் யார் உட்காருகிறார்கள்? தலைவர் ஒருவர். 2013-லிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் பஹ்ரைனின் ஷேக் சல்மான் பின் இப்ராஹிம் அல் கலீஃபா. மண்டலத்துக்கு ஒருவர் வீதம் ஐந்து துணைத் தலைவர்கள். ஃபிஃபாவை நடத்தும் குழுவான ஃபிஃபா கவுன்சிலில் ஆசியாவுக்கு ஏழு இடம் உண்டு. தலைவர் அதில் ஒருவர். அங்கே போகும் மற்றவர்களும் இங்கே உறுப்பினர்கள். அப்புறம் மண்டலவாரியாகச் சாதா உறுப்பினர்கள், மண்டலத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் இடம். எல்லாம் கூட்டினால் முப்பதுக்கு அருகே வரும். பதவிக்காலம் நான்கு ஆண்டு. யாரும் தானாகப் போய் நிற்க முடியாது. ஒரு நாட்டுச் சங்கம் பெயரை முன்மொழிய வேண்டும். அதன்பிறகு நேர்மைச் சோதனை என்று ஒரு வடிகட்டல். அதில் தேறினால்தான் ஓட்டுச்சீட்டில் பெயர் வரும்.

இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இடம் மண்டலத்துக்கு ஒதுக்கியது, ஆனால் ஓட்டுப் போடுவது பேரவை முழுவதும். தெற்கு ஆசியாவின் இடத்துக்கு ஆளைத் தேர்வது ஏழு நாடுகள் மட்டும் இல்லை. ஜோர்டானும் ஜப்பானும் மங்கோலியாவும் சேர்ந்து தேர்கின்றன. எங்கள் அன்பியத்து ஆளை ஊர் மொத்தமும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தால் எப்படி இருக்கும்? அவர் அன்பியத்துக்குக் கடன்பட்டவரா, ஊருக்குக் கடன்பட்டவரா? அதே சங்கடம்தான் அங்கேயும்.

அதைவிடப் பெரிய விஷயம், ஒரு சங்கத்துக்கு ஒரு ஓட்டு. இந்தியாவுக்கும் ஒன்று, சீனாவுக்கும் ஒன்று, பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவுக்கும் ஒன்று. குவாமில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. குவாம், புருனே, பூடான் மூன்றையும் சேர்த்தாலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து ஜனத்தொகை வராது. 2011 கணக்கெடுப்பிலேயே நாங்கள் 18 லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு மூன்று ஓட்டு. எங்களுக்கு, டெல்லியில் இருக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழியாக, நூற்று நாற்பது கோடிப் பேரோடு பங்குபோட்ட ஒரு ஓட்டு. இது அநியாயம் என்று கிளப்பில் ஒருவர் கத்துவார். நான் அவர் பக்கம் இல்லை. ஜனத்தொகைப்படி ஓட்டு என்றால் இரண்டு நாடுகள் கைகோத்தால் போதும், மற்ற 45 பேரும் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் ஒன்று உண்மை: சின்னச் சங்கங்களின் ஓட்டு இந்த உலகத்தில் பொன். மைதானம் போட்டுத் தருகிறோம், பயிற்சி தருகிறோம், வளர்ச்சி நிதி தருகிறோம் என்று பெரியவர்கள் வாசலில் வந்து நிற்பது அதனால்தான்.

இனி, கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு சில தடவைதான் கூடுவார்கள். கோலாலம்பூரிலோ வேறு ஏதாவது உறுப்பு நாட்டிலோ கூடுவார்கள், தேவைப்பட்டால் காணொலியிலும் பேசிக்கொள்வார்கள். முப்பது பேர், ஆளுக்கு ஒரு மைக், முன்னால் ஒரு கோப்பு. இந்தக் கோப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த வருஷத்துப் போட்டி அட்டவணையை அங்கே உட்கார்ந்து யாரும் தயாரிப்பதில்லை. போட்டிக் குழு ஏற்கெனவே பேசி, தலைமையக அதிகாரிகள் எழுதி, பரிந்துரையாகக் கோப்பில் வைத்திருப்பார்கள். செயற்குழு அதை ஏற்கும், அல்லது திருத்தும், அல்லது திருப்பி அனுப்பும். நிஜத்தில் பெரும்பாலும் ஏற்கும். இப்படிப்பட்ட குழுக்களில் பெரும்பான்மை முடிவுதான் சட்டம். சமமாகப் பிரிந்தால் தலைவரின் ஓட்டு தீர்க்கும். கை தூக்கி எண்ணும் நிலைமை வருவதே அபூர்வம். எண்ண வேண்டி வந்தால், அதற்கு முன்னால் யாரோ சரியாகப் பேசி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் பொதுச் செயலாளர் முக்கியம். அவர் தேர்தலில் வருகிறவர் இல்லை, நியமிக்கப்படுகிற ஊழியர். செயற்குழுவில் அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் எந்தத் தாள் எப்போது மேசைக்கு வரும் என்பது அவர் கையில். எங்கள் ஊர்க்கமிட்டியில் மினிட்ஸ் புக் வைத்திருப்பவரை யாரும் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் எழுதினால்தான் அது நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவே இல்லை. ஆசியக் கால்பந்தில் அந்த மினிட்ஸ் புக்கை 1978 முதல் 2007 வரை, இருபத்தொன்பது வருஷம், வைத்திருந்தவர் மலேசியாவின் பீட்டர் வேலப்பன். பெயரைக் கேட்டால் நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல இருக்கிறதா? எங்கள் கிளப்பில் பலருக்கு இந்தப் பெயரைச் சொன்னபோது நம்பவில்லை. அவர் காலத்தில் கூட்டமைப்புக்குத் தலைவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை.

இப்போது பையனின் முதல் இரண்டு கேள்வி. 2019 ஜூன் 4 அன்று பாரிசில் கூடிய ஆசியப் பேரவை 2023 ஆசியக் கோப்பையைச் சீனாவுக்குக் கொடுத்தது. தென்கொரியா விலகிக்கொண்டதால் சீனா மட்டும்தான் போட்டியில் இருந்தது. கொரோனா வந்தது. 2022 மே மாதம், எங்களால் நடத்த முடியாது என்று சீனா கையை விரித்தது. போட்டிக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. பேரவையை மறுபடி கூட்டி, விண்ணப்பம் வாங்கி, ஓட்டுப்போட்டு முடிப்பதற்குள் காலம் போய்விடும். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் செயற்குழு. கத்தார், தென்கொரியா, இந்தோனேசியா மூன்றும் கேட்டன. 2022 அக்டோபர் 17 அன்று கோலாலம்பூரில் கூடிய செயற்குழு கத்தாருக்குக் கொடுத்தது. உலகக் கோப்பைக்காகக் கட்டிய மைதானங்கள் அங்கே தயாராக நின்றன. கோடையில் அங்கே பந்து விளையாட முடியாது. அதனால் 2023 ஜூன், ஜூலையில் நடக்க வேண்டியது 2024 ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பெயர்ப்பலகையை மாற்றவில்லை. அதுதான் 24-ல் நடந்த 23 கப். இறுதி ஆட்டத்தில் கத்தார் ஜோர்டானை 3–1 என்று வென்றது.

அதே அக்டோபர் கூட்டத்தில் இன்னொரு தாளும் இருந்தது: 2027 போட்டி யாருக்கு? கேட்டவர்களில் கடைசியாக நின்றவர்கள் இந்தியாவும் சவூதி அரேபியாவும். அங்கே செயற்குழு என்ன செய்தது என்று கவனியுங்கள். முடிவு எடுக்கவில்லை. இந்த இருவரில் ஒருவரைப் பேரவை தேர்ந்துகொள்ளட்டும் என்று பெயரைச் சுருக்கி மேலே அனுப்பியது. டிசம்பரில் இந்தியா தானாகவே விலகியது. 2023 பிப்ரவரி 1, பஹ்ரைனின் மனாமாவில் கூடிய பேரவை சவூதிக்குக் கொடுத்தது. ஒரே கூட்டம், ஒரே மேசை. ஒரு கோப்பையை அந்த அறையிலேயே முடித்தார்கள், இன்னொன்றை ஊர்க்கூட்டத்துக்கு விட்டார்கள். எது யாருடைய அதிகாரம் என்று படிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோப்பை யாருக்கு என்பதுதான் செய்தியாக வரும். நம்மைத் தொடும் முடிவுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகின்றன. ஆசிய கிளப் போட்டிகள் முன்பெல்லாம் ஒரே காலண்டர் வருஷத்துக்குள் நடந்தன. அதை ஐரோப்பாபோல ஒரு வருஷத்தின் பின்பாதியில் தொடங்கி அடுத்த வருஷத்தின் முன்பாதியில் முடிப்பது என்று 2022-ல் மாற்றினார்கள். 2022 டிசம்பரில் கிளப் போட்டிகளை மூன்று அடுக்காக்கினார்கள். மேலடுக்கில் 24 அணிகள் மட்டும், ஜெயித்தால் குறைந்தது 1.2 கோடி டாலர் பரிசு. பணம் மேலே குவிந்தது. இந்திய கிளப்புகளுக்கு இரண்டாம் அடுக்கே கஷ்டப்பட்டு எட்டும் உயரமாகிவிட்டது. ஒரு தாளில் இரண்டு பத்தி, முப்பது பேர் தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்காக எங்கள் ஊரில் யாரும் கறுப்புக்கொடி காட்டவில்லை. யாருக்கும் தெரியவே இல்லை.

செயற்குழு செய்யாத வேலைகளும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவோம். சிவப்பு அட்டைக்கு எத்தனை ஆட்டம் தடை, கிளப்புக்கு எவ்வளவு அபராதம் என்பதை ஒழுங்கு மற்றும் நன்னெறிக் குழு பார்க்கும். அதற்கு மேல் மேல்முறையீட்டுக் குழு, அதற்கும் மேல் சுவிட்சர்லாந்தின் லோசானில் விளையாட்டு நடுவர் மன்றம். ஊர்க்கமிட்டி ஆளே ரெஃப்ரியாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு அனுபவம் உண்டு. ஒரு டூர்னமெண்ட்டில் (ஊர் பெயர் வேண்டாம்) கோடுகாட்டியாகக் கொடி பிடித்தவர் கமிட்டிக்காரர், அவர் மருமகன் முன்கள ஆட்டக்காரர். அன்று இரவு வரை ஆஃப்சைடு என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லாமல் போனது. அதனால் நீதி பார்க்கிறவர்களைத் தனியாக வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

உலகக் கோப்பையில் ஆசியாவுக்கு எத்தனை இடம் என்பதும் இங்கே முடிவாவதில்லை. அது ஃபிஃபா கவுன்சிலின் வேலை. 2026 முதல் எட்டு நேரடி இடம் என்று முடிவு செய்தது அவர்கள்தான். ஃபிஃபா கவுன்சில் என்பது 37 பேர், ஆறு கண்டத்துக்கும் பங்கு. ஆசியாவின் ஏழு பேர் அங்கே போய் உட்காருவதால்தான் அந்த இடங்களுக்கு இத்தனை போட்டி. 2019 ஏப்ரலில் அகில இந்தியக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரஃபுல் படேல் 46-க்கு 38 ஓட்டு வாங்கி அங்கே போனார். அந்த மேசைக்குப் போன முதல் இந்தியர் அவர்.

மேலே இருக்கும் தாள் கீழே எப்படிக் கடிக்கும் என்பதற்கு 2022 போதும். அந்த ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. சீன தைபேயுடன் (தைவான் அணிதான்) இரண்டாவது ஆட்டம், நவி மும்பையில். கொரோனாவால் இந்திய அணியில் பதின்மூன்று பேரைச் சேர்க்க முடியவில்லை. கொரோனாக் காலத்துச் சிறப்பு விதி முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது: ஆள் சேராவிட்டால் அணி விலகியதாகக் கொள்ளப்படும். போட்டியை நடத்தும் நாடு போட்டியிலிருந்து வெளியே போனது. அன்றைக்கு யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. தாளே முடிவெடுத்தது.

அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொன்று. நம் கூட்டமைப்பை நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு நடத்திக்கொண்டிருந்தது. வெளியார் தலையீடு என்று ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா மகளிர் அணி அப்போது ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. இடைநீக்கமான நாட்டின் கிளப் ஆட முடியாது. பெட்டியைப் பிரிக்காமலே என்று சொல்லலாம், பந்தைத் தொடாமல் திரும்பி வந்தார்கள். இடைநீக்கம் நீடித்தது பதினொரு நாள்தான். ஆகஸ்ட் 26-ல் நீக்கிவிட்டார்கள். போன ஆட்டம் போனதுதான். ஆட்டக்காரர், கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், நாட்டுக் கூட்டமைப்பு, ஆசியா, ஃபிஃபா என்று போகும் சங்கிலியில் நடுக் கண்ணி அறுந்தால் கீழே தொங்குகிறவர் விழுவார், அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும்.

மறுபடி ஓட்டுக் கணக்குக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 2017 மே 8, மனாமா. ஃபிஃபா கவுன்சிலில் ஆசியாவின் பெண் இடத்துக்குத் தேர்தல். ஒரு பக்கம் ஆஸ்திரேலியாவின் மோயா டாட். முன்னாள் தேசிய ஆட்டக்காரர், வழக்கறிஞர், பெண்கள் கால்பந்துக்காக ஃபிஃபாவுக்குள் வாதாடியதால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். மறுபக்கம் வங்கதேசத்தின் மஹ்ஃபுசா அக்தர் கிரண். பத்திரிகைகளைப் படித்தவர்கள் முடிவு தெரிந்ததுபோலத்தான் இருந்தார்கள். எண்ணியபோது கிரணுக்கு 27, டாடுக்கு 17. கால்பந்து ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். தகுதிப் பட்டியலை நீட்டிப் பார்த்தால் இந்த முடிவு புரியாது. முன்னால் சொன்ன மண்டலக் கணக்கையும், யார் யாரோடு பேசினார்கள் என்பதையும் வைத்துத்தான் புரியும். தலைவர் தேர்தலும் அப்படியே. 2013-ல் மூவர் போட்டி, கடுமையாக இருக்கும் என்றார்கள். ஷேக் சல்மான் முதல் சுற்றிலேயே 46-ல் 33 வாங்கிவிட்டார். 2023-ல் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. எங்கள் கடற்கரையில் கமிட்டித் தேர்தல் என்றால், ஞாயிறு பூசைக்கு அப்புறம் சீட்டு எழுதுவது சும்மா ஒரு சடங்கு. முடிவு சனிக்கிழமை சாயங்காலம் கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஆகியிருக்கும்.

ஆனால் பேரவை எப்போதும் தலையாட்டும் பொம்மை என்றும் நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 27, கோவா. ஃபிஃபா கவுன்சிலுக்கு ஆட்களைத் தேர்வதற்காகச் சிறப்புப் பேரவை. எல்லா நாட்டுக்காரர்களும் விமானம் ஏறி வந்துவிட்டார்கள். தேர்தலில் நிற்கவிருந்த கத்தார்க்காரர் ஒருவரை ஃபிஃபா தகுதிநீக்கம் செய்திருந்தது. கூட்டம் தொடங்கியதும் வழக்கமான முதல் வேலை: நிகழ்ச்சி நிரலை ஏற்கிறீர்களா? எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்விக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அன்று 42 பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் மட்டும் வேண்டும் என்றார். நிரல் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் தேர்தல் இல்லை. 27 நிமிஷத்தில் எல்லாம் முடிந்து கலைந்தார்கள். தேர்தலை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தேர்தலையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேர்தல்தான் அடுத்த மே மாதம் மனாமாவில் நடந்து, மேலே சொன்ன 27க்கு 17-ல் முடிந்தது.

பதவியில் எத்தனை காலம் இருக்கலாம் என்பது எல்லாக் கண்டத்திலும் சண்டை. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில் இசா ஹயாத்து 1988 முதல் 2017 வரை தலைவராக இருந்தார். கிட்டத்தட்ட வேலப்பன் அளவு காலம், ஆனால் தேர்தலில் வந்த பதவியில். அவர் காலத்தின் கடைசியிலேயே பன்னிரண்டு வருஷம்தான் மேல்வரம்பு என்ற பேச்சு பரவியது. ஆசியாவும் ஏற்றுக்கொண்டிருந்தது. 2024 மே 16, பாங்காக்கில் கூடிய ஆசியப் பேரவை அந்த வரம்பையே நீக்கிவிட்டது. அனுபவம் வேண்டாமா என்று ஒரு நியாயம் சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் ஊர்க்கமிட்டியில் இதை ஒருத்தர் கொண்டுவந்தால், அவருடைய சொந்த அன்பியமே அவரை உட்காரச் சொல்லும்.

ஐரோப்பாவின் செயற்குழு வேறு மாதிரி. அங்கே இருபது பேர்தான். அதில் பேரவை தேர்ந்தெடுத்தவர்கள் போக, கிளப்புகள் சங்கத்தின் ஆட்கள் இருவர், லீக்குகளின் ஆள் ஒருவர் உட்காருகிறார்கள். பணம் சம்பாதித்துக் கொடுக்கும் கிளப்புகளை வெளியே நிறுத்திவைத்தால் அவை தனிக் கடை போட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். ஆசியாவில் கிளப்புகளுக்கு அந்த பலம் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் சவூதி கிளப்புகளிடமிருந்துதான் வரும் என்பது என் ஊகம்.

அடுத்த தடவை “ஏ.எஃப்.சி. செயற்குழு முடிவு” என்று செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது முடிவை அல்ல. இதை எந்தக் குழு பரிந்துரைத்தது, பேரவைக்குப் போகுமா, இங்கேயே முடிந்ததா என்றுதான் தேடுவேன். செய்திக்குறிப்பின் மூன்றாவது, நான்காவது பத்தியில் அது ஒளிந்திருக்கும்.

பையனுக்கு இதையெல்லாம் போன மாதம்தான் முழுசாகச் சொன்னேன். இப்போது அவன் பத்தாம் வகுப்பு, வலது விங்கில் ஆடுகிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம மைதானத்து லைட்டு எந்தத் தாள்ல கிடக்கு மாமா?” என்றான். கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு அப்புறம் இருந்தது. செயலாளர் வீட்டுக்குப் போய் அஜெண்டாவை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பொருள். எட்டாவதாக மைதான விளக்கு. எங்கள் கமிட்டி இதுவரை ஐந்தைத் தாண்டியதில்லை, ஐந்தாவதுக்குள் எல்லாருக்கும் மீன் வாங்கும் நேரம் ஆகிவிடும். பேனாவை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விளக்கை இரண்டாவதாக எழுதச் சொன்னேன்.